தூசி தட்டிய கம்ப்யூட்டர்கள்

ஆரோக்கியசெல்வத்திடம் கெட்ட பழக்கம் என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு. குடிக்க மாட்டார், சீட்டைத் தொட மாட்டார், ஊர் வம்புக்குப் போக மாட்டார். ஆனால் எவர் வீட்டுப் பரணிலாவது ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடக்கிறது என்று காதில் விழுந்துவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. அதை இறக்கி, திருகாணிகளைக் கழற்றி, உள்ளே லினக்ஸை ஏற்றி, அது மறுபடி கண் விழிப்பதைப் பார்த்தால்தான் அடங்குவார். விழித்த பிறகு அதை யார் உபயோகிப்பார்கள் என்பதெல்லாம் அவருடைய கவலை இல்லை.

லினக்ஸ் என்றால் என்ன என்று அவரிடம் மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், விண்டோஸ் செய்கிற வேலையை அதுவும் செய்யும். கம்ப்யூட்டரை ஓட்டும். விலை கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். விண்டோஸ் ஏறினால் மூச்சு வாங்குகிற கிழட்டுக் கம்ப்யூட்டரில்கூட அது ஏறி உட்கார்ந்து வேலை பார்க்கும். அதற்கு அடையாளம் ஒரு பென்குயின். அரியலூர் வெயிலில் பென்குயினை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா என்று ஆரோக்கியசெல்வம் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவர் குன்னம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியார். மனைவி லீலா மேரி, கீழப்பழுவூர் தாண்டி ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமத்துப் பங்குக் கோயில் பள்ளியில் தலைமையாசிரியை. பொய் என்றால் அந்த அம்மாளுக்கு ஆகாது. மகள் அனிதா மேரி சின்னப்பிள்ளையாக இருந்தபோது, அரை டிக்கெட் கொடுத்த கண்டக்டரைக் கூப்பிட்டு, "பிள்ளைக்கு வயசு தாண்டிருச்சுங்க, முழு டிக்கெட்டா குடுங்க" என்று கேட்டு வாங்கியவர். பஸ்ஸில் இருந்த மற்ற தாய்மார்கள் அன்று அவரைப் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை.

முதல் விபத்து அந்த மகள் கோயிலில் முதன்முறையாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழா முடிந்த சில நாளில் நடந்தது. அன்றைக்கு எடுத்த போட்டோக்கள் எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தன. வெள்ளைக் கவுன், தலையில் பூ வளையம், கையில் மெழுகுவர்த்தி, பக்கத்தில் தாய்மாமன்கள், எல்லாம் இருந்தன. ஆரோக்கியசெல்வம் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் குடியேற்றிப் பார்க்க ஆசைப்பட்டார். இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு ஏறிக்கொள்ளட்டுமா என்று லினக்ஸ் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டது. வாத்தியார் கேள்வியை முழுக்கப் படிக்காமல் சரி என்று தட்டிவிட்டார். பரீட்சையில் கேள்வியை முழுக்கப் படி, படி என்று பிள்ளைகளிடம் தொண்டை வற்றக் கத்துகிறவர். சொன்னதைச் சொன்னபடி செய்ததில் லினக்ஸின் மேல் ஒரு குற்றமும் கிடையாது என்று அவர் மனைவிக்கு விளக்கப் பார்த்தார். அந்த விளக்கம்தான் நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

அத்தோடும் விட்டாரா? அரையாண்டுத் தேர்வுக் கேள்வித்தாளை லீலா மேரி பிரிண்ட் எடுக்க உட்கார்ந்த அன்று, பிரிண்டருக்கும் பென்குயினுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆரோக்கியசெல்வம் கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு என்னென்னவோ தட்டினார். பிரிண்டர் ஒரு தடவை இருமியது, அவ்வளவுதான். மறுநாள் தலைமையாசிரியை ஐந்து வகுப்புக்கும் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். வீட்டுக்கு வந்து சுண்ணாம்புக் கட்டித் தூளோடு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்தா பாருங்க. இந்த வூட்ல ஒண்ணு அந்தப் பறவை இருக்கணும், இல்ல நான் இருக்கணும். ரெண்டுல எதுன்னு சொல்லிருங்க."

"நீதான் லீலா" என்றார் ஆரோக்கியசெல்வம்.

"இனிமே அதைக் கொண்டாந்து ஏத்த மாட்டேன்னு சொல்லுங்க."

"ஏத்த மாட்டேன்."

அவர் கொடுத்த வாக்கு அது. போட்டோக்களை அழித்ததை லீலா மேரி மறக்கவில்லை என்றாலும், அந்த வாக்கை நம்பினார். நம்பிவிட்டால் அப்புறம் சோதித்துப் பார்க்கிற ஆள் இல்லை அவர்.

விண்டோஸைத் திரும்ப ஏற்ற ஆண்ட்ரூஸைக் கூப்பிட்டார்கள். ஆண்ட்ரூஸுக்கு அரியலூர் கடைவீதியில் கம்ப்யூட்டர் கடை. சொந்த ஊர் லீலா மேரி வேலை பார்க்கும் கிராமம். அந்த ஊர்க் கோயிலின் பங்குப் பேரவையில் உறுப்பினர். கழுத்தில் சிலுவையும் ஒரு பென் டிரைவும் சேர்ந்து தொங்கும். அந்த ஒரே பென் டிரைவில் இருந்த ஒரே விண்டோஸ்தான் சுற்றுவட்டாரத்தில் பாதிக் கம்ப்யூட்டர்களில் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காசு கொடுத்து வாங்கியவர் யார் என்று ஆண்ட்ரூஸுக்கே தெரியாது. திரையின் மூலையில் 'இது அசல் அல்ல' என்று ஒரு வரி சதா நின்றுகொண்டிருந்தது. லீலா மேரி அதையும் கம்ப்யூட்டரின் ஒரு பாகம் என்றே நினைத்துக்கொண்டார்.

ஓராண்டில் அது படுத்துவிட்டது. பட்டனைத் தட்டிவிட்டுப் போய் உலை வைத்து, அரிசி களைந்து போட்டுவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஆரோக்கியசெல்வம் கையைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் பார்ப்பார்? லீலா மேரி திருச்சிக்கு ஒரு பயிற்சிக்குப் போன சனிக்கிழமை, அவர் தன் வாக்கை உடைத்தார்.

உடைத்தார் என்றால் சும்மா உடைக்கவில்லை, ஒரு கைதேர்ந்த திருடனின் கவனத்தோடு உடைத்தார். இருந்த கோப்புகளை எல்லாம் முதலில் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தினார். பிரிண்டரோடு உட்கார்ந்து பேசி அதன் கோபத்தைத் தீர்த்தார். கேள்வியை ஒவ்வொன்றாக, உதட்டை அசைத்துப் படித்தார். எல்லாம் ஏறிய பிறகு லினக்ஸுக்கு விண்டோஸ் வேஷம் கட்ட ஆரம்பித்தார். பச்சை மேட்டுக்கு மேல் நீல வானம் இருக்கிற அந்தப் படத்தைத் தேடிப் போட்டார். இடது மூலையில் அதே பட்டன். எழுதுகிற மென்பொருளுக்கு அதே நீல நிற 'வேர்ட்' சின்னம். திறக்கும்போது கேட்கிற அந்த இசையைக்கூட விட்டுவைக்கவில்லை. பென்குயின் தலைகாட்டக்கூடிய இடத்தை எல்லாம் சாந்து பூசி அடைத்துவிட்டார்.

லீலா மேரி திரும்பி வந்து பட்டனைத் தட்டினார். உலை வைக்கப் போக எழுந்தவர், திரை வந்துவிட்டதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்தார்.

"என்னங்க பண்ணீங்க? இம்புட்டு வேகமா வருது?"

"ஒண்ணுமில்ல. கழட்டித் தூசி தட்டினேன்."

இந்த ஒரு சொல்தான் அவரைக் காப்பாற்றியது. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் ஆலையுமாக இருக்கிற ஊரில் தூசியின் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் ஜனங்கள் நம்புவார்கள். லீலா மேரி ஆசிரியைகளிடம் சொன்னார், ஆசிரியைகள் அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். வாத்தியார் தூசி தட்டினால் கம்ப்யூட்டர் குதிரை மாதிரி ஓடுகிறது என்று பேர் பரவிவிட்டது. பூக்கடை ஆண்டாயியின் மகன் முதல் ஜெராக்ஸ் கடை சின்னதுரை வரைக்கும் தூசி தட்டிக்கொண்டு போனார்கள். அவரவர் வீட்டுக்கும் ஒரு பச்சை மேடும் நீல வானமும் போய்ச் சேர்ந்தது.

இப்படியே நாலைந்து வருஷம் ஓடியது. அந்த நாலைந்து வருஷத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு நாளும் நிற்கவில்லை, வைரஸ் வரவில்லை, ஒரு பக்கம்கூடப் பிரிண்ட் ஆகாமல் போகவில்லை. இதைத்தான் ஆரோக்கியசெல்வம் உலகத்துக்குச் சொல்ல ஆசைப்பட்டார். உலகத்தைக்கூட விட்டுவிடலாம். லீலா மேரி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'லினக்ஸ் நல்லாத்தாங்க இருக்கு' என்று சொல்லிக் கேட்டால் போதும் அவருக்கு. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் லீலா மேரி சொன்னது வேறு.

"விண்டோஸ்னா விண்டோஸ்தாங்க. அந்தப் பறவையைத் தொரத்துனப்புறம்தான் எங்க வூட்ல நிம்மதியே."

ஆரோக்கியசெல்வம் பக்கத்தில் நின்று காப்பி டம்ளரை நீட்டுவார். தான் கூட்டி வைத்த குழம்பை எதிர்வீட்டுக்காரி கைப்பக்குவம் என்று புகழ்கிறவர்களுக்கு இன்னொரு கரண்டி ஊற்றுகிற மாதிரி இருக்கும். பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தோடு பாவமாகச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். சொன்னால் முதலில் சாமியாருக்கு லினக்ஸ் என்றால் என்ன என்று விளக்க வேண்டும். பின்னால் வரிசை நீளமாக நிற்கும். தள்ளிப்போட்டார்.

அப்போதுதான் ஒரு சிமென்ட் கம்பெனி ஆபீஸிலிருந்து லீலா மேரியின் பள்ளிக்கு ஒரு வேன் நிறையப் பழைய கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. பழைய விண்டோஸுக்குக் காலம் முடிந்துவிட்டது, புது விண்டோஸ் இந்த மெஷின்களில் ஏறாது, ஆகவே ஆபீஸ் புதுசு வாங்கிக்கொண்டு பழசைத் தர்மம் பண்ணிவிட்டது. என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கப் பள்ளி நிர்வாகக் குழு கூடியது. தாளாளர் பங்குத்தந்தை பிரான்சிஸ், வந்து ஆறு மாதம் ஆகாத இளம் சாமியார், நடுவில் உட்கார்ந்திருந்தார். இந்த விஷயம் தெரிந்தவர் என்று ஆரோக்கியசெல்வத்தையும் அழைத்திருந்தார்கள்.

ஆரோக்கியசெல்வம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார். குளியலறையில் ஒரு வாரமாகப் பேசிப் பழகிய பேச்சு நெஞ்சு வரைக்கும் வந்து நின்றது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி வராது. பள்ளிக்கூடத்தில் லினக்ஸ் ஓடி, அதை லீலா மேரி கண்ணால் பார்த்து, நல்லது என்று ஒத்துக்கொண்டுவிட்டால், அப்புறம் மெல்ல வீட்டுக் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்பது அவர் போட்டு வைத்திருந்த கணக்கு.

"காயலான் கடைக்குப் போட்டுருங்க ஃபாதர்" என்றார் ஆண்ட்ரூஸ். "நம்ம கடையிலயே புதுசா, சல்லிசா எடுத்துத் தரேன்."

"வேணாம் ஃபாதர்." ஆரோக்கியசெல்வம் எழுந்தார். "இந்த மெஷினுக்கெல்லாம் ஒரு கொறையும் கெடையாது. லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டமுன்னா..."

அதற்குமேல் பேச விடவில்லை. லீலா மேரி எழுந்துவிட்டார்.

"ஃபாதர், எங்க வூட்டுக்காரரை நானே மறுத்துப் பேசுறனேன்னு நெனைக்காதீங்க. அந்த லினக்ஸால நான் பட்டது போதும். எம்புள்ள புதுநன்மை போட்டோ அத்தனையும் போச்சு. இதெல்லாம் பிள்ளைங்க படிக்கிற எடம். எங்க வூட்ல இருக்கறது இதைவிடப் பழைய மெஷின் ஃபாதர், அதுல விண்டோஸ்தான் ஓடுது. இத்தனை வருஷத்துல ஒரு நாள் நின்னதில்ல. இவரு அப்பப்பத் தூசி தட்டுவாரு, அவ்வளவுதான்."

தலைமையாசிரியை பொய் சொல்ல மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். குழுவில் எல்லாத் தலைகளும் ஆடின. ஃபாதர் பிரான்சிஸ் மேசையைத் தட்டி முடிவு சொன்னார்.

"அப்பப் பேச்சே வேணாம். டீச்சர் வூட்டுக் கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதையே இது அத்தனையிலயும் போட்டுருங்க சார். ஒரு நூலு மாறக் கூடாது."

ஆரோக்கியசெல்வம் உட்கார்ந்தார். லினக்ஸ் தோற்றதற்குச் சாட்சி லினக்ஸ். ஜெயித்ததும் லினக்ஸ். அவர் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது, ஒரு பேரைத் தவிர. அன்று சாயந்திரமே லீலா மேரியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் கூட்டத்தில் புருஷனை மறுத்துப் பேசிவிட்ட வருத்தத்தில் முட்டைக் குழம்பு வைத்து, "உங்களுக்கு மனசுக்குள்ள கோவமா?" என்று இரண்டு முறை கேட்டார். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? அரையாண்டு விடுமுறை முழுக்க அவர் பள்ளியிலேயே கிடந்தார். கம்ப்யூட்டர்களைத் திறந்தபோது உள்ளே ஒரு சுவர் பூசுகிற அளவுக்குத் தூசி இருந்தது என்பதால் அவர் சொல்லி வந்ததில் பாதி நிஜமாகவும் ஆனது.

விடுமுறை கழிந்து பள்ளி திறந்ததும் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாத் திரையிலும் பச்சை மேடு. ஃபாதர் மகிழ்ந்துபோய், பூசைப் பிரசங்கத்திலேயே விண்டோஸின் அருமை பெருமையைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். ஆண்ட்ரூஸ் மட்டும் பின் வரிசையில் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தார். கம்ப்யூட்டர் விற்காமல் போனது ஒரு பக்கம். இந்த மெஷினில் விண்டோஸ் இவ்வளவு வேகமாக ஓடுகிறதென்றால் அது எந்தப் பென் டிரைவ் என்கிற பொறாமை இன்னொரு பக்கம்.

ஒரு புதன்கிழமை பிற்பகல் ஃபாதர் போன் செய்தார். கொஞ்சம் பள்ளிக்கு வந்துவிட்டுப் போங்கள் சார் என்றார். குரலில் எப்போதும் இருக்கிற சிரிப்பு இல்லை. ஆரோக்கியசெல்வம் கடைசிப் பீரியடுக்கு அனுமதி வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கம்ப்யூட்டர் அறையில் ஃபாதர் நின்றிருந்தார், பக்கத்தில் ஆண்ட்ரூஸ். லீலா மேரி சாக்கட்டிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் பார்த்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் ஃபாதர். "ஆண்ட்ரூஸ் ஒரு விஷயம் சொன்னாரு. விண்டோஸை ஒவ்வொரு மெஷினுக்கும் காசு குடுத்து வாங்கணுமாமே? வாங்காமப் போட்டா அது திருட்டாமே? எனக்கு இந்த வெவரமெல்லாம் தெரியாது. நீங்க எங்கிட்டப் பில் எதுவும் குடுக்கல. நானும் கேக்கல. இது கோயில் பள்ளிக்கூடம் சார். இதெல்லாம் வாங்கினதா?"

"கம்பெனிக்காரன் வந்து பாத்தான்னா கேஸுதான் ஃபாதர்" என்றார் ஆண்ட்ரூஸ். வாழ்நாளில் ஒரு விண்டோஸைக்கூட வாங்கியிராத அந்த மனிதர் அறநெறியே உருவாக நின்றார். "பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுப் போயிரும்."

அடுத்தவன் மென்பொருளைத் திருடிப் போடாதே என்று இத்தனை காலமாக ஊர் முழுக்கக் கத்திய மனிதர் ஆரோக்கியசெல்வம். அவரைப் பார்த்துத் திருட்டு விண்டோஸ் போட்டாயா என்று கேட்கிறார்கள், அதுவும் ஆண்ட்ரூஸ் வாயால். இல்லை என்று ஒரு சொல் போதும். ஆனால் இல்லை என்றால், அப்படியானால் இது என்ன என்பார்கள். சொன்னால் லீலா மேரிக்கு முன்னால், இத்தனை வருஷமாக உன்னை ஏமாற்றினேன் என்று சொன்னதாகும். சொல்லாவிட்டால் திருடன். சொன்னால் பொய்யன். எது கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று அவர் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தராசு இப்படியும் அப்படியும் ஆடியது. அறையில் எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"வாங்கினதுதான் ஃபாதர்."

சொன்னது லீலா மேரி.

"நாங்கதான் வாங்கினோம். எங்க கைக்காசு போட்டு. பில்லு வூட்ல இருக்கு." சாக்கட்டிப் பெட்டியை மேசையில் வைத்தார். "வெளியில சொல்லிக்க வேணாம்னு நான்தான் இவருகிட்டச் சொன்னேன். அதான் பேசாம நிக்கிறாரு."

ஆரோக்கியசெல்வம் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. சேலை முந்தானையின் ஒரு முனையை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார்.

ஃபாதர் பிரான்சிஸுக்குக் கண் கலங்கியே விட்டது. "டீச்சர்... நான் என்ன சொல்றதுன்னே தெரியல. மன்னிச்சுருங்க. உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனே."

"பில்லை ஒரு தடவை கண்ணால பாத்துட்டா நல்லது ஃபாதர்" என்றார் ஆண்ட்ரூஸ்.

"நாளைக்குக் கொண்டாரேன்" என்றார் லீலா மேரி.

அதுதான் ஆரோக்கியசெல்வத்தால் தாங்க முடியாமல் போனது. அரை டிக்கெட்டைக்கூட ஏற்காத பெண் தன் பொருட்டு ஒரு சாமியார் முன்னால் பொய் சொல்கிறாள். நாளைக்கு எந்தப் பில்லைக் கொண்டுவருவாள்? இனி ஒரு நிமிஷம் பொறுத்தாலும் தான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

"பில்லெல்லாம் ஒண்ணும் கெடையாது ஃபாதர்! வாங்கவே இல்ல! இது விண்டோஸே கெடையாது!"

சொல்லிவிட்டு நிற்கவில்லை. கிட்டத்தில் இருந்த கம்ப்யூட்டரை அணைத்துத் திருப்பிப் போட்டார். தானே பூசி அடைத்த சாந்தைத் தானே இடித்தார். பச்சை மேடு போயிற்று, நீல வானம் போயிற்று, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின, மூலையில் பென்குயின் வந்து உட்கார்ந்தது. பிறகு வாய் திறந்தது பாருங்கள், இத்தனை வருஷம் அடைத்து வைத்த அத்தனையும் கொட்டியது. லினக்ஸ் யாருக்கும் சொந்தமில்லை என்றார். எல்லாருக்கும் சொந்தம் என்றார். பில் இல்லாததுதான் அதன் பெருமையே என்றார். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் எழுதி எழுதிச் சேர்த்தது, யாரும் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம், கொடுத்தால் குறையாது என்றார். தன் வீட்டில் இருப்பதும் அதுதான், பூக்கடையில் இருப்பதும் அதுதான், வைரஸ் வராததும் நிற்காததும் அதனால்தான் என்றார். கணக்கு வகுப்பில்கூட அவர் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

ஃபாதர் முதலில் திகைத்தார். பிறகு மெல்லச் சிரிக்க ஆரம்பித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ திருட்டே நடக்கல! ஒரு பைசா குடுக்க வேண்டியதில்ல! ஆண்டவர் அப்பத்தைப் பிட்டு எல்லாருக்கும் குடுத்த மாதிரில்ல இருக்கு! என்ன சார் நீங்க, இதை மொதல்லயே சொல்லியிருந்தா நானே கை தட்டியிருப்பனே! இனிமே அந்தப் பச்சை மேடு எதுக்கு, எடுத்துருங்க. பேரையும் பெருசா எழுதி ஒட்டுங்க. லினக்ஸ்!"

ஆண்ட்ரூஸ் கழுத்துப் பென் டிரைவைச் சட்டைக்குள் தள்ளிவிட்டார். ஆரோக்கியசெல்வத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு சாமியார், ஒரு பள்ளிக்கூடத்தின் நடுவில் நின்று, அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்லிவிட்டார். திருடனும் இல்லை, பொய்யனாகவும் யாரும் பார்க்கவில்லை, அவர் பயந்தது எதுவும் நடக்கவில்லை. எல்லாம் ஒரு நொடியில் முடிந்து காற்று வாங்கினாற்போல் இருந்தது.

ஃபாதர் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, கள்ளமே இல்லாமல், லீலா மேரி பக்கம் திரும்பினார்.

"அப்போ டீச்சர், நீங்க அந்தப் பில்லுன்னு சொன்னது...?"

கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றது. இப்போது எல்லோரும் லீலா மேரியைப் பார்த்தார்கள். ஆண்ட்ரூஸ் ரொம்ப நேரத்துக்குப் பிறகு முதல் முறையாகப் புன்னகை செய்தார்.

"நான்தான் ஃபாதர்... ஏதோ ஞாபகத்துல சொல்லிட்டேன்" என்றார் லீலா மேரி. காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது. சாக்கட்டிப் பெட்டியை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனார். வழக்கமாகப் பூட்டுகிற அலமாரிகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பூட்டி, சாவியை வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு வந்தார்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தவர் எப்போதும் தோளைப் பிடிப்பார். அன்று பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆரோக்கியசெல்வம் மெதுவாகத்தான் ஓட்டினார். வாக்கை உடைத்தது பற்றித்தான் கேட்கப்போகிறாள் என்று எண்ணி, அதற்கான பதில்களை மனதுக்குள் அடுக்கி வைத்தார். போட்டோ போனதற்கு மறுபடி ஒரு மன்னிப்பு, ஏமாற்றியதற்கு ஒரு மன்னிப்பு, வேண்டுமானால் நாளைக்கே நிஜ விண்டோஸை வாங்கிப் போட்டுத் தருகிறேன் என்று ஒரு வாக்கு.

"லீலா, நான் அதை உங்கிட்டச் சொல்லாம ஏத்தினது தப்புதான்" என்று ஆரம்பித்தார்.

"அது கெடக்கட்டும்."

சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்து போனது. அது அடங்குகிற வரைக்கும் லீலா மேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தார்.

"நல்லாத்தான் ஓடுச்சு, நான் இல்லேன்னு சொல்லல. லினக்ஸ் நல்லாத்தாங்க இருக்கு."

இந்த வாக்கியத்துக்காக அவர் வருஷக்கணக்கில் காத்திருந்தார். வந்தபோது திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"ஃபாதர் கேட்டாரு, நீங்க வாயைத் தொறக்கல. சரி, நெசமாவே திருடித்தான் போட்டுட்டாரு போலன்னு நெனச்சேன். திருடுனவருன்னு நெனச்சும்தாங்க நான் பொய் சொன்னேன். என்ன ஆனாலும் எம்புருசன்னு." முந்தானையால் முகத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்குப் பயப்பட ஒண்ணுமே இல்ல. அந்த உண்மையைச் சொல்லியிருந்தா ஃபாதர் சிரிச்சிருப்பாரு, அவ்வளவுதானே? நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?"

ஆரோக்கியசெல்வம் அடுக்கி வைத்த மன்னிப்புகளில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் தான் திருடனாகத் தெரிவதா, பொய்யனாகத் தெரிவதா, எது கௌரவம் என்று நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை அவளிடம் எப்படிச் சொல்வது? வெட்கத்தில் கழுத்தெல்லாம் சுட்டது.

அரியலூர் வந்தது. வீட்டுக்கு முன்னால் இறங்கி, லீலா மேரி கதவைத் திறந்து உள்ளே போனார். ஆரோக்கியசெல்வம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் உள்ளே கம்ப்யூட்டர் திறக்கிற அந்த விண்டோஸ் இசை கேட்டது. நாளைக்கு மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய வருகைக் கணக்கு பாக்கி இருந்தது, லீலா மேரி உட்கார்ந்து வேலையை ஆரம்பித்துவிட்டார்.